இடது பக்கக் கதவு

"வண்டியை மாத்திட்டியளா?" என்று அம்மா கேட்டாள்.

எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. அண்ணன், மதினி, நான், என்னவர், குஷன் கடைத் தம்பி, ஆக ஐந்து பேர் வாசலில் நிற்கிறோம். அது 2023-ஆம் வருஷத்து ஆனி மாதம். தென்காசித் தெருவில் சாரல் பன்னீர் தெளிப்பதுபோலத் தூவிக்கொண்டிருந்தது. இருபத்தைந்து வருஷம் கொட்டகையில் கிடந்த அப்பாவின் கார், புது வர்ணம் பூசி, புது ரெக்ஸின் போர்த்தி, அன்றைக்குத்தான் கல்யாண மாப்பிள்ளைபோல் தெருவுக்கு வந்திருந்தது.

அம்மாவைக் கைப்பிடித்து அழைத்து வந்து, இடது பக்கக் கதவைத் திறந்து, முன் சீட்டில் உட்கார வைத்தோம். அவள் சீட்டைத் தடவிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. அடுத்தாற்போல் இடது கை தானாகக் கதவின் உட்பக்கம் போயிற்று. மேலே தேடியது, கீழே தேடியது. பிறகு மடியில் வந்து விழுந்தது. அதற்கப்புறம்தான் அந்தக் கேள்வி.

அம்மாவுக்கு அப்போது 84 வயது. கண் நீர் அழுத்த நோயால் பார்வை போய் ஏழு வருஷமாகிவிட்டது. வெளிச்சம், இருட்டு இரண்டும் தெரியும், அவ்வளவுதான்.

"நம்ம வண்டிதாம்மா. புதுசு பண்ணியிருக்கோம்லா?" என்றான் அண்ணன்.

"அப்படியா? நல்லாத்தான் இருக்கு ராசா" என்றாள் அம்மா. அந்த 'நல்லாத்தான்' என்ற சொல்லில் இருந்த மரியாதையைக் கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. பெண் பார்க்கப் போன இடத்தில் உப்பில்லாத பஜ்ஜிக்குச் சொல்லுகிற 'நல்லாத்தான்' அது.

கார் என்றதும் யாரோ சீமான் வீட்டுக் கப்பலை நினைத்துக்கொள்ளாதீர்கள். சின்னஞ்சிறு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. மொத்தமே இரண்டு கதவு. பின் சீட்டுக்குப் போக வேண்டுமென்றால் முன் சீட்டை மடக்கிவிட்டுக் குனிந்து நுழைய வேண்டும். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பெயரே தெரியாது. ஆனால் அது நம் சென்னைச் சரக்கு! 1948-ல் ஆரம்பித்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி, வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் 1961 முதல் ஹெரால்டைத் தயாரித்தது. அதற்கு முன்பே 1959-ல் இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் அது வந்துவிட்டது. உருவம் வரைந்து கொடுத்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலிக்காரர். அந்தச் சமயம் அந்த இங்கிலீஷ் கம்பெனிக்கு முழு உடம்பையும் சேர்த்து அடித்துக் கொடுக்கத் தோதான இடம் வாய்க்கவில்லை. ஆகவே உடம்பைத் துண்டு துண்டாக அடித்து, ஒரு சட்டத்தின்மேல் வைத்து போல்ட்டுப் போட்டு முடுக்கினார்கள். தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு இந்தச் சங்கதி ரொம்பப் பிடிக்கும். துணி பற்றாதபோது ஒட்டுக் கொடுத்து ரவிக்கை தைத்துவிடுவதில்லையா நாம்!

இன்னொரு விசேஷம், 25 அடி வட்டத்துக்குள் வண்டி முழுசாகத் திரும்பிவிடும். எங்கள் தெரு அகலத்துக்கு அது பெரிய வரப்பிரசாதம். அப்பா மரக்கடை வைத்திருந்தார். 1969-ல் பாளையங்கோட்டை டாக்டர் ஒருவரிடமிருந்து இரண்டாம் கையாக அந்த வண்டியை வாங்கினார். தெருவில் அதைத் திருப்பிக் காட்டுவதற்கென்றே இரண்டு தடவை வெளியே போய்விட்டு வருவார் என்று ஆச்சி கேலி செய்வாள்.

அம்மா தேடிய சங்கதிக்கு வருகிறேன்.

1972-ஆம் வருஷம் ஆடி மாதம். ஐந்தருவியில் குளித்துவிட்டு எல்லோரும் வண்டியில் வந்துகொண்டிருந்தோம். காசிமேஜர்புரம் தாண்டியதும் பின்னால் 'டங்'கென்று ஒரு சத்தம். அப்பா நிறுத்தினார். வண்டியின் பின்புறம் இருந்த 'ஹெரால்டு' என்ற ஆங்கிலப் பெயர்த் தகடு கழன்று விழுந்திருந்தது. ஈரத் தலையோடு இறங்கி, சேற்றில் அதைக் கண்டெடுத்தவள் அம்மாதான். முந்தானையால் துடைத்து மடியில் வைத்துக்கொண்டாள். தகட்டின் பின்னால் மூன்று ஊசி உண்டு. அதில் ஒன்று முறிந்துவிட்டது. அந்தத் தகடு பார்வைக்கு வெள்ளிபோல இருக்கிறதே தவிர, துத்தநாகக் கலவையை வார்த்து மேலே குரோமியம் முலாம் பூசியதுதான். தட்டினால் முறியும், வளைக்க முடியாது.

அப்பா சென்னையிலிருந்து வேறு தகடு தருவித்து வெளியே மாட்டிவிட்டார். பழையதைத் தூக்கிப் போடப் போனபோது அம்மா வாய் திறந்தாள். "அதை நான் உட்காருத பக்கத்துல வச்சுக் குடுங்களேன்." மாமியார், மூன்று நாத்தனார்கள், இரண்டு கொழுந்தன்மார் இருந்த வீடு அது. அம்மா தனக்கென்று எதுவும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. அப்பாவுக்கே ஆச்சரியமாகப் போயிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் இடது கதவின் உள்பலகையைக் கழற்றித் திண்ணையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். குறுக்கே ஓடும் அலுமினியப் பட்டைக்குக் கீழே, உட்கார்ந்தபடி கை வைத்தால் விரல் படுகிற இடத்தில், தகட்டைப் பதித்தார். இருந்த இரண்டு ஊசிகளைத் துளை வழியாகச் செலுத்திப் பின்னால் வில் கிளிப் மாட்டினார். ஊசி முறிந்த பக்கத்துக்கு என்ன செய்வது? கடைசி எழுத்தான 'டி'யின் வயிற்றுக்குள் ஒரு மெல்லிய செம்புக் கம்பியை விட்டு, பலகைக்குப் பின்னால் முறுக்கிவிட்டார்.

அம்மா அந்தக் காலத்து ஐந்தாம் வகுப்பு. ஆங்கிலம் கிடையாது. ஆனால் வண்டியில் ஏறி உட்கார்ந்தால் அவளுடைய விரல் அந்த எழுத்துகளின்மேல் ஊர்ந்துகொண்டே இருக்கும். "இது என்ன எழுத்துட்டி?" என்று என்னிடம் கேட்பாள். நான் பின் சீட்டிலிருந்து எட்டிப் பார்த்துச் சொல்லுவேன். எச், ஈ, ஆர், ஏ, எல், டி. ஆறே எழுத்து. பிறகு மளிகைக் கடை டப்பாவிலும் பஸ்ஸின் பெயர்ப்பலகையிலும் அந்த ஆறு எழுத்தைத் தேடிப் பிடிப்பாள். "அந்தா, நம்ம ஏ!" என்பாள். சொத்துபத்திரம் கைக்கு வந்ததுபோல் ஒரு சந்தோஷம் அவள் முகத்தில்!

1998-ல் அப்பா போய்விட்டார். வண்டி கொட்டகைக்குள் போயிற்று. ஹெரால்டுக்குப் பிறகு கெஸல், அதற்கப்புறம் ஸ்டாண்டர்டு 2000 என்று தயாரித்துப் பார்த்துவிட்டு, 1988-லேயே அந்தக் கம்பெனி கார் செய்வதை நிறுத்தியிருந்தது. உதிரிச் சாமானுக்குச் சென்னை ஜி.பி. ரோடு, புதுப்பேட்டை என்று அலைய வேண்டும். யார் அலைவது?

அண்ணன் ஓய்வு பெற்றபின் அலைந்தான். அவனுக்குச் சென்னையில் பழைய கார்ப் பிரியர்கள் சிநேகம் ஏற்பட்டது. ஒரு கண்காட்சிக்கு வண்டியைக் கொண்டுபோக வேண்டுமென்று ஆசை. எஞ்சின் ஓரிடம், வர்ணம் ஓரிடம், உள்வேலை செங்கோட்டை ரோட்டில் இருக்கும் குஷன் கடையில் என்று பங்கு பிரித்துவிட்டான். உள்வேலையை மேற்பார்வை பார்ப்பது என் பொறுப்பு.

கதவின் உள்பலகையைக் கழற்றியபோதுதான் வண்டிக்குள் என்ன நடந்திருக்கிறது என்று கண்டோம். நீங்கள் நினைப்பதுபோல் கதவு ஒரே தகடு இல்லை. இரண்டு தகட்டுக்கு நடுவே வெற்றிடம். அதற்குள்தான் கண்ணாடி ஏறி இறங்குகிறது. கண்ணாடியை ஒட்டிய ரப்பர் தேய்ந்தால் மழைத் தண்ணீர் கதவுக்குள்ளேயே வழிகிறது. அது வெளியேற அடியில் சின்னத் துளைகள் வைத்திருக்கிறார்கள். தூசியும் இலையும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளேயே தங்கும். இந்த ஈரம் உள்பலகையைத் தொடாமலிருக்க நடுவே ஒரு பிளாஸ்டிக் தாளோ கீல் பூசிய காகிதமோ ஒட்டியிருக்கும். எப்போதோ கண்ணாடியைச் சரிசெய்த ஒரு மெக்கானிக் அதைக் கிழித்தவர், மறுபடி ஒட்டவில்லை. உள்பலகையோ ஹார்டு போர்டு, அதாவது மரநாரை அழுத்திச் செய்த அட்டை. ஆரியங்காவுக் கணவாய் வழியாக ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதமும் ஈரக்காற்று வந்து விழுகிற ஊர் இது. அட்டை அப்பளம்போல் உப்பியிருந்தது. துளைகள் பெரிதாகி, ஊசிகளும் கிளிப்பும் பிடிப்பில்லாமல் ஆடின. கம்பி ஒன்றுதான் தகட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது.

தகட்டைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டு வந்து அம்மாவிடம் கொடுத்தேன். அவள் அதை வெற்றிலைப் பெட்டியில் போட்டுக்கொண்டாள்.

புது அட்டை வெட்டிய சமயம் அண்ணனின் சென்னை நண்பர் யாருடைய ஹெரால்டின் படத்தையோ அனுப்பினார். அந்தப் படத்தில் பட்டை இரண்டு விரற்கடை உயரத்தில் இருந்தது. கதவின் உள்ளே பெயர்த் தகடு இல்லை. "உள்ளே பெயர் வைப்பது கம்பெனி வழக்கம் அல்ல. அதை எடுத்துவிடுங்கள். கண்காட்சியில் குறை சொல்வார்கள்" என்று எழுதியிருந்தார்.

"அக்கா, அப்ப அந்தத் தகடு வேண்டாமா?" என்று குஷன் கடைத் தம்பி என்னைக் கேட்டான்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "அது என் அம்மாவுடையது" என்று சொல்லியிருக்க வேண்டும். செலவெல்லாம் அண்ணன் செய்கிறான், நாம் குறுக்கே விழுவானேன் என்று எண்ணி, "அண்ணன் சொல்லுதபடி செய்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தக் குற்றத்தை வேறு யார்மேலும் போட எனக்கு வழியில்லை.

அம்மா கேட்ட கேள்விக்கு அன்று சாயங்காலம் அண்ணனும் நானும் சண்டையே போட்டுவிட்டோம்.

"அசல் எப்படி இருந்ததோ அப்படி வைக்கணும் பிள்ளே. அதுக்குப் பேர்தான் புதுப்பித்தல்."

"எந்த அசல் அண்ணே? வண்டலூர்ல இருந்து வெளியே வந்த அன்னைக்கு இருந்ததா, நம்ம வீட்டுல முப்பது வருஷம் இருந்ததா?"

"காசி விசுவநாதர் கோயிலைப் புதுப்பிச்சவங்க இஷ்டத்துக்கா செஞ்சாங்க?" என்று அவன் கோயிலை இழுத்தான்.

இழுத்தது அவனுக்கே வினையாக முடிந்தது. எங்கள் ஊர்க் கோயிலில் ஒரு கல்வெட்டு உண்டு. 15-ஆம் நூற்றாண்டில் அந்தக் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன் வெட்டி வைத்தது. பிற்காலத்தில் இந்தக் கோயிலுக்கு ஏதாவது குறை நேர்ந்து, அதை நீக்கிக் காப்பாற்றுகிறவர் எவரோ அவரை இப்போதே பணிகிறேன் என்று உலகமறியச் சொல்லிவிட்டுப் போன ராஜா அவர். நெடுங்காலம் இடிந்து நின்ற ராஜகோபுரம் மறுபடி எழும்பி 1990-ல் கும்பாபிஷேகம் நடந்தபோது, அப்பா அம்மாவை இந்த வண்டியில்தான் அழைத்துப் போனார். கல்வெட்டின் பொருளைச் சொல்லிக் காட்டினார். "எவ்வளவு பெரிய மனுஷன்! இன்னும் பொறக்காத கொத்தனார் கால்ல விழுந்திருக்காரே!" என்று அம்மா வாரக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தாள். இதை நான் ஞாபகப்படுத்தினேன். அண்ணன் எழுந்து மாடிக்குப் போய்விட்டான்.

மறுநாள் காலையில் கீழே இறங்கி வந்தால், அண்ணன் வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிறான். அம்மாவின் வெற்றிலைப் பெட்டி பக்கத்தில் திறந்து கிடக்கிறது. கையில் கட்டிங் பிளேயர். எனக்குத் திக்கென்றது. "அம்மாவுக்காக ஒட்டிட்டேன்" என்றான் சிறுபிள்ளைபோல. ஊசிகள் துருத்திக்கொண்டிருந்தால் ரெக்ஸின்மேல் படியாதே என்று மிஞ்சியிருந்த இரண்டையும் நறுக்கிவிட்டு, ஒரு சொட்டில் ஒட்டும் பசையைத் தடவித் தகட்டை அழுத்திவிட்டான்! நல்ல மனசு, அவசரப் புத்தி. பிள்ளை எங்கள் அப்பா மாதிரி இல்லை, எங்கள் ஆச்சி மாதிரி.

தகடு சாய்ந்திருந்தது. அதைச் சுற்றிலும் ரெக்ஸினில் பூசணம் பூத்ததுபோல் வெள்ளைப் படலம். அந்தவகைப் பசை உலரும்போது எழும்பும் ஆவி பக்கத்தில் படிந்து அப்படி வெளுத்துவிடும். அம்மா வந்து தொட்டுப் பார்த்தாள். "எழுத்து மேலே ஏறுதே ராசா" என்றாள். பிறகு, "பரவாயில்லே, நீ வச்சியே, அது போதும்" என்றாள். அண்ணன் முகத்தை நான் பார்க்கவில்லை.

குஷன் கடைத் தம்பியை மறுபடி கூப்பிட்டோம். அவன் திட்டவில்லை. "ஆச்சிக்குன்னு முதல்லயே சொல்லியிருக்கலாம்லா அக்கா" என்று மட்டும் சொன்னான்.

ஒட்டின தகட்டை எடுப்பது எப்படி? உளியோ கத்தியோ கொடுத்து நெம்பினால் துத்தநாகம் படக்கென்று முறிந்துவிடும். என் பேத்தியின் ஹேர் டிரையரால் அந்த இடத்தை மிதமாகச் சூடாக்கினோம். தூண்டில் நரம்பை இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டு, தகட்டுக்குப் பின்னால் விட்டு, தயிர் கடைகிற மாதிரி இப்படியும் அப்படியும் இழுத்தான் அந்தத் தம்பி. அரைமணி நேரம் ஆயிற்று. தகடு முழுசாக வந்தது. ரெக்ஸினை மட்டும் காப்பாற்ற முடியவில்லை. அட்டையிலும் பட்டைக்குரிய துளைகள் தப்பான உயரத்தில் இருந்தபடியால், அந்தக் கதவுக்கு மட்டும் எல்லாம் புதிதாகவே செய்யத் தீர்மானித்தோம்.

ஆனால் பழைய இடம் எது? "பட்டைக்குக் கீழே" என்பது நினைவிருக்கிறது. எவ்வளவு கீழே? கைப்பிடியிலிருந்து எவ்வளவு தூரம்? அப்பா எங்கேயும் எழுதி வைக்கவில்லை. பழைய அட்டை இருந்தால் துளைகள் சொல்லிவிடும்.

"பழசை என்னப்பா பண்ணினே?" என்றேன். தம்பி தலையைச் சொறிந்தான். கடைக்குப் போய்ப் பார்த்தால், ஈரத் தரையில் கால் படாமலிருக்கத் தையல் மெஷினின் மிதிக்கு அடியில் போட்டு வைத்திருக்கிறான்! அடிப்பாகம் உப்பி மக்கியிருந்தது. மேல் பாதி நன்றாகவே இருந்தது. துளைகளைச் சுற்றி ஐம்பது வருஷத்துப் பச்சைத் துரு வட்டம் வட்டமாக. செம்புக் கம்பி நுழைந்த இரண்டு சிறு துளைகளும் இருந்தன. அவற்றைக் கண்டபோது அப்பாவின் கையெழுத்தைக் கண்டதுபோல் இருந்தது எனக்கு.

இனி என் ராஜ்யம். முப்பத்திரண்டு வருஷம் பெண்பிள்ளைகளுக்கு ரவிக்கை வெட்டச் சொல்லிக் கொடுத்தவள், செய்தித்தாளில் அச்சு எடுக்க மாட்டேனா? அட்டைமேல் தாளை விரித்துப் பென்சிலால் தேய்த்துத் துளைகளை எடுத்தேன். அட்டையின் ஓரம் உப்பிப் போயிருப்பதால் ஓரத்திலிருந்து அளக்கக் கூடாது. கண்ணாடி சுற்றும் கைப்பிடியின் துளையும், கதவு திறக்கும் பிடியின் துளையும் கதவுத் தகட்டோடு சேர்ந்தவை; மாறவே மாறாது. அந்த இரண்டையும் ஆதாரமாக வைத்து மற்றவற்றைக் குறித்தேன்.

பெருமை பேசிவிட்டேன், ஒரு வெட்கக்கேட்டையும் சொல்லிவிட வேண்டும். முதலாம் ஆண்டு மாணவி செய்கிற தப்பை நானே செய்தேன். அட்டையின் பின்பக்கத்தில் எடுத்த அச்சை அப்படியே புது அட்டையின் முன்பக்கத்தில் வைத்துக் குறித்துவிட்டேன். இடது கைக்குப் பதில் வலது கை வெட்டுவது என்று எங்கள் பாஷையில் சொல்லுவோம். துளை போடுவதற்கு முன் தம்பிதான், "அக்கா, இது டிரைவர் பக்கத்துக் கதவுல்லா?" என்று தடுத்தான்.

புது அட்டையின் இரண்டு முகத்துக்கும், முக்கியமாக ஓரங்களுக்கும், வெட்டிய துளைகளின் உள்வட்டத்துக்கும் வார்னிஷ் இரண்டு கை கொடுத்தோம். ஈரம் ஏறுவது அந்த வெட்டு வாய் வழியாகத்தான். கதவின் அடித் துளைகளைக் குத்திச் சுத்தம் செய்து, கண்ணாடி ரப்பரை மாற்றி, பிளாஸ்டிக் தாளை ஒட்டினோம். இதெல்லாம் இரண்டு நாள் வேலை. ரெக்ஸின் போர்த்துவதற்குத்தான் எட்டு நாள் காத்திருக்க வேண்டியதாயிற்று. சாரல் விடவில்லை. ஈரக்காற்றில் ரப்பர்ப் பசையைத் தடவினால், அது உலரும்போது குளிர்ந்து மேலே பனிபோல் நீர் படர்கிறது. அதன்மேல் ரெக்ஸினை அழுத்தினால் நாலாம் நாள் கொப்புளம் கிளம்பும். குளிரில் ரெக்ஸினும் விறைத்து, இழுத்த இழுப்புக்கு வராது. அண்ணனுடைய கண்காட்சித் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. அவன் வானத்தைப் பார்ப்பான், அம்மாவைப் பார்ப்பான், பேசமாட்டான். ஊரெல்லாம் குற்றாலத்தில் இன்னும் சாரல் வேண்டுமென்று கேட்க, ஒரு வீடு மட்டும் வெயிலுக்கு வேண்டிக்கொண்டது.

ஒன்பதாம் நாள் சுள்ளென்று அடித்தது. மாடியில் ரெக்ஸினை வடகம்போல் விரித்துக் காயவைத்தோம். வெதுவெதுப்பு ஏறியதும் துணிபோல் வளைந்து கொடுத்தது. அன்றைக்கே போர்த்தி முடித்தான் தம்பி. துளை போட மெஷினை எடுக்கவில்லை. மெஷினின் முனை உள்ளேயிருக்கும் பஞ்சைச் சுற்றி இழுத்துக்கொள்ளும், ரெக்ஸின் கிழியும் என்றான். அட்டையின் பின்பக்கத் துளை வழியாகக் குத்தூசியால் ஒவ்வொன்றாகக் குத்தினான். அலுமினியப் பட்டையின் கால்களை அதில் நுழைத்துப் பின்னால் மடக்கினான். ரொம்ப இறுக்கினால் ரெக்ஸினில் குழி விழும், தளர்ந்தால் கடகடக்கும். 'இடுப்பு நாடா கட்டுத மாதிரி' என்று நான் சொன்னதும் மதினி சிரித்துவிட்டாள்.

தகட்டுக்குத்தான் கால் இல்லையே. அதன் பின்புறம் எழுத்துகளைச் சேர்க்கிற அடிப்பட்டையை உப்புத்தாளால் சுரசுரப்பாக்கி, தின்னரால் துடைத்து, தட்டைத் தலையுள்ள மூன்று சின்னப் பித்தளைத் திருகாணிகளை இரண்டு பொருள் கலக்கும் பசையால் நிற்க வைத்தோம். ஒரு நாள் முழுக்கத் தொடாமல் வைத்தோம். மறுநாள் துளை வழியாகச் செலுத்திப் பின்னால் வாஷரும் மரையும் போட்டான் தம்பி. அச்சுப் பிசகவில்லை. வரி நேராக நின்றது. ஊசி முறிந்த பக்கமும் இப்போது கெட்டியாகிவிட்டதால் கம்பிக்கு வேலையே இல்லை. அந்த இரண்டு சிறு துளைகளை நாங்கள் போடவில்லை. அசலைவிட நேர்த்தி என்று எங்களுக்கெல்லாம் பெருமை.

அம்மாவைக் கொண்டுவந்து உட்கார வைத்தோம். யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று அண்ணன் சைகை காட்டினான். இடது கை போயிற்று. பட்டையைத் தொட்டது. கீழே இறங்கிற்று. எச்... ஈ... ஆர்... உதடு அசைவது தெரிந்தது. ஏ... எல்... டி. கடைசி எழுத்தில் விரல் நின்றது. திரும்பத் திரும்ப அதன் வயிற்றைத் தடவியது.

"கம்பி எங்கட்டி?" என்றாள் அம்மா.

குஷன் கடைத் தம்பி தரையைப் பார்த்தான். நான் அண்ணனைப் பார்த்தேன். திருகாணி, வாஷர், மரை என்று அவளுக்கு விளக்கப் போகிறானோ என்று பயந்தேன். அவன் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனான். பழைய ஃபேனிலிருந்து எடுத்த செம்புக் கம்பியோடு வந்தான். மறுபடி அட்டையைக் கழற்றச் சொன்னான். இரண்டு துளையையும் அவனே குத்தினான். கம்பியை 'டி'யின் வயிற்றுக்குள் விட்டு, பின்னால் அப்பா முறுக்கியதுபோல் முறுக்கினான். முன்பக்கம் ஒரு சின்ன மேடு, அரிசிமணி அளவு.

கண்காட்சித் தேதி அதற்குள் தாண்டிவிட்டிருந்தது. அண்ணன் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் குற்றாலம் கிளம்பினோம். அண்ணன் ஓட்டினான். பின் சீட்டில் பழையபடியே நான் குனிந்து நுழைந்து உட்கார்ந்தேன். அறுபது வயதில் அது லேசான காரியம் அல்ல. அம்மாவின் கை கதவின்மேல் இருந்தது. காசிமேஜர்புரம் தாண்டியதும் சாரல் பிடித்துக்கொண்டது.

"ஐந்தருவி ரோட்டுல திரும்பியாச்சா?" என்றாள் அம்மா.

"இப்பத்தாம்மா திரும்புதேன்."

"பெறகு என்னத்தைப் பாத்துக்கிட்டிருக்கே? உன் பக்கத்துக் கண்ணாடியை ஏத்துலே. தண்ணி கதவுக்குள்ளே போயிரும்" என்றாள்.